உப்பில்லாத மண்

மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் பச்சலின் உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. மொகஞ்சதாரோவின் பெரிய தெருவில், ஆள் உயரச் சுவர் ஒன்றை ஒட்டி நின்றபடி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். மறுமுனை கூட வேலை பார்க்கும் இளைஞன் லாயக்கின் கையில். காற்று எழும்போதெல்லாம் தார்ப்பாய் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. கல்லைக் கட்டித் தொங்கவிடலாம்தான், ஆனால் கல் பட்டால் பழைய செங்கல் உடைந்துவிடும். ஆகவே கல்லுக்குப் பதிலாக மனிதர்கள் நின்றார்கள். அப்படியும் சுவர்களின் மண்பூச்சு கரைந்து, பழுப்பாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் பச்சல் தன் கையால் பூசிய பூச்சு அது.

இருபத்திரண்டு வருடமாக அவனுக்கு இதுதான் பிழைப்பு. அந்தப் பக்கத்து நிலத்தில் உப்பு கீழிருந்து ஏறும். ஏறி வந்து செங்கலைத் தின்னும். அதனால் வருடா வருடம் செங்கல் மேல் மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். உப்பு செங்கலை விட்டுவிட்டு மண்ணுக்கு வந்துவிடும். அடுத்த வருடம் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பூசுகிற மண்ணிலேயே உப்பு இருந்தால் எல்லாம் வீண். மண்ணில் உப்பு உண்டா இல்லையா என்று முதலில் சொல்வது பச்சலின் நாக்கு. ஆபீசில் கண்ணாடிக் குடுவையில் கலக்கிப் பார்த்து எழுதிக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்கு வருடம் முன்பு வழக்கமாக மண் எடுக்கும் குழி உப்பேறிவிட்டது. பச்சல் ஒரு வாரம் காடுமேடெல்லாம் அலைந்து மண் தின்றான். கடைசியில் அவன் ஊர்க் கரையிலேயே கிடைத்தது. எந்தக் காலத்திலோ ஆற்று வண்டலைக் கொண்டுவந்து ஊரைச் சுற்றிப் போட்ட கரை. நாக்கில் வைத்தால் வெண்ணெய் மாதிரி கரைந்தது, உப்பின் வாசனைகூட இல்லை. புதையல் கண்டவன்போல ஆபீசுக்கு ஓடினான். ஊருக்கும் சந்தோஷம்தான், குளிர்காலத்தில் கழுதைகளுக்கு வேலை கிடைத்தது. ஓரமாக ஒரு இடத்தில் வெட்டினால் என்ன ஆகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஊரில் மழை என்பது பேச்சில் மட்டும் வரும் விருந்தாளி. ஓரமாக ஆரம்பித்த வெட்டு நான்கு குளிர்காலத்தில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வந்து நின்றது.

அவன் மனைவி ஜன்னத் மட்டும் கேலி பேசினாள். "செத்தவங்க வீட்டுக்கு வருஷா வருஷம் பூச்சு. உன் வீட்டுச் சுவரு பல்ல இளிக்குது. நானும் செத்தாதான் பூசுவே போல, மேஸ்திரி."

"நாலாயிரம் வருஷம் கழிச்சு வா, பூசறேன்" என்று அவனும் சிரித்தான்.

இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போன் அடித்தது. ஜன்னத்தான்.

"எங்க இருக்கே?"

"வேற எங்க, சுவத்தப் புடிச்சிக்கிட்டு."

"கரைக்கு அந்தப் பக்கம் தண்ணி நிக்குது. நீங்க மண்ணு வெட்டுன எடத்துல தண்ணி வழிய ஒரு முழம்தான் பாக்கி. கசிய ஆரம்பிச்சிருச்சு. வந்துரு."

"குதிர்ல இருக்கிற கோதுமைய வெளியில எடு."

"எதுல எடுக்கச் சொல்றே? சாக்கெல்லாம் கரைல போட வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

குதிர் ஜன்னத் கட்டியது. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து, கர்ப்பமாக இருந்த வருடத்தில், அவளைவிட உயரமாக எழுப்பியது. அவர்கள் இருவரும் மூன்று பெண்களும் அடுத்த அறுவடை வரை சாப்பிட வேண்டிய மொத்தமும் அதற்குள் இருந்தது. இழுத்து நகர்த்த முடியாது. தண்ணீர் தொட்டால் அடியோடு கரைந்துவிடும்.

அவன் தார்ப்பாயை விடுவதற்குள் ஷௌக்கத் சாயீன் வந்தார். அந்த இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி; ஐயா என்பதைத்தான் அந்தப் பக்கம் சாயீன் என்பார்கள். மூன்று நாளாகத் தூங்காத முகம். தலைநகரிலிருந்து மணிக்கு ஒருமுறை போன் வந்துகொண்டிருந்தது.

"பச்சல், தெருவில முழங்கால் தண்ணி. அடி ஊறிப்போனா சுவரெல்லாம் இன்னைக்கே சாஞ்சிரும். பழைய சாக்கடையத் திறந்துரு."

பச்சல் அசையவில்லை. அந்தச் சாக்கடை நாலாயிரம் வருடம் முன்பு அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் கட்டியது. வருடா வருடம் உள்ளே புகுந்து துப்புரவு செய்து, நாய் நரி நுழையாமல் வாயை அடைத்து வைப்பவன் அவன்தான். அதன் தண்ணீர் வெளியே போய்ச் சேருகிற பள்ளம் எந்தக் கரையில் முட்டி நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"சாயீன், அது எங்க ஊருக்குப் போகும்."

"தெரியும்ப்பா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணியும் ஈரம், கண்ணாடியும் ஈரம். "வானம் கொட்டுற கொட்டுல இது ஒரு குடம். உங்க கரை நிக்கிறதும் போறதும் இதுல இல்ல."

"ஒரு முழம்தான் பாக்கியாம் சாயீன்."

"வேற வழி இருந்தா சொல்லு. நீ சொல்றபடி செய்யிறேன்."

அதட்டியிருந்தால் பச்சல் மனசுக்குள்ளாவது திட்டியிருப்பான். இப்படிக் கேட்டால் என்ன சொல்ல? யோசித்துப் பார்த்தான். இருந்த ஒரு பம்பு நேற்றே பழுதாகிவிட்டது. வழி இல்லை. யார்மேலும் கோபப்பட முடியாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான் போய்த் திறக்கவாண்ணே?" என்றான் லாயக்.

"வேணாம். அடைப்பு எங்கன்னு உனக்குத் தெரியாது. செங்கலப் பேத்து வச்சிருவே."

சொன்ன பிறகுதான், தானே திறக்க ஒத்துக்கொண்டுவிட்டது அவனுக்கு உறைத்தது. இறங்கிப் போய், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, ஒரு செங்கல் முனைகூட உதிராமல் அடைப்பை விரலால் தோண்டி எடுத்தான். தண்ணீர் ஒரு நொடி தயங்கியது. பிறகு நேராகப் போயிற்று. எங்கும் தேங்கவில்லை, எங்கும் வழியவில்லை. கட்டியவர்கள் இப்போதுதான் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லலாம், அப்படி ஓடியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக பச்சல் அந்த மனிதர்களை வெறுத்தான்.

அதன் பிறகு ஓடினான். அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது கரை போயிருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே நிற்க, வெட்டிய இடத்தில் மட்டும் வாய் பிளந்து, வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். போனது மழையாலா, அவன் திறந்துவிட்ட தண்ணீராலா என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்கும் கடைசிவரை தெரியப்போவதில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது குதிர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான். அணைத்த கைகளுக்குள்ளேயே மெதுவாக உட்கார்ந்தது. ஜன்னத் போர்வைகளை விரித்து அள்ள முடிந்ததை அள்ளினாள். இரண்டு மூட்டை தேறியது. ஊரில் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

போக ஒரே ஒரு மேடுதான் இருந்தது. ஊரே கழுதைகளோடும் கட்டில்களோடும் செத்தவர்களின் நகரத்துக்கு ஏறி வந்தது. காவலாளி ஷௌக்கத் சாயீனின் முகத்தைப் பார்த்தான். "கேட்டத் திறந்து விடுப்பா" என்றார் அவர். பிறகு கூட்டத்தைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில், "சுவத்துல மட்டும் சாயாதீங்கம்மா" என்றார்.

மறுநாள் வெயில் அடித்தது. ஜன்னத் யாரையும் கேட்காமல் மூட்டைகளை அவிழ்த்துப் பெரிய தெருவில் கோதுமையைப் பரப்பினாள். செங்கல் தரை சீக்கிரம் காயும். ஷௌக்கத் சாயீன் அந்தப் பக்கம் வந்தார், நின்றார், போன் வராமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பாதிக்கு மேல் புளித்துப்போயிருந்தது. பெண்கள் மூவரும் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கினார்கள். செங்கல் இடுக்கில் விழுந்ததை யாராலும் பொறுக்க முடியவில்லை.

நான்காம் நாள் காலை தெரு நெடுக, செங்கல் இடுக்குகளில், கோடு கோடாகப் பச்சை தெரிந்தது.

முளைப்பதைப் பிடுங்குவதும் பச்சலின் வேலைதான். வேர் இறங்கினால் செங்கல் வாய் விட்டுவிடும். புல்லோ பூண்டோ, ஒரு விரல் உயரத்துக்கு விடமாட்டான்.

ஷௌக்கத் சாயீன் வந்து நின்றார். "பச்சல்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"தெரியும் சாயீன்."

அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். வேர் அறாமல், செங்கல் அசையாமல், பழகிய கை மெதுவாக இழுத்தது. ஒவ்வொரு முளையின் அடியிலும் ஒரு கோதுமை மணி வெடித்துத் தொங்கியது. ஜன்னத் எழுந்து வந்து எதிரே குந்தினாள். முந்தானையை ஏந்தினாள். அவன் பிடுங்கிப் பிடுங்கி அதில் போட்டான்.

ஒரு முளையில் வேரோடு மண் திரண்டு வந்தது. சுவர்ப் பூச்சிலிருந்து கரைந்து வந்து இடுக்கில் தங்கிய மண். பழக்க தோஷத்தில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தான்.

"என்ன?" என்றாள் ஜன்னத்.

நாக்கில் அது வெண்ணெய் மாதிரி கரைந்துகொண்டிருந்தது. அவன் அடுத்த முளையை நோக்கிக் கையை நீட்டினான்.