பத்லி மாப்பிள்ளை

லியாகத் அலிக்கு ஜெரினா மேல் உயிர். ஜெரினாவுக்கும் அப்படித்தான், ராயபுரத்து மாடி ஜன்னலே சாட்சி. குறுக்கே நின்றது ஒரே ஒரு கணக்கு. அவளுடைய வாப்பா கயிற்றுக்கடை கலீலுல்லா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டிலேயே பெண்ணை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண வைத்த பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தவர். மகளின் அல்ஜீப்ரா புத்தகத்தைப் பிரித்து, கண்ணை மூடி விரலை வைத்தார். விரல் பட்ட கணக்கைப் போடுகிறவன்தான் மாப்பிள்ளை என்றுவிட்டார்.

லியாகத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். அங்கே ஒருத்தனுக்கு உடம்பு முடியாவிட்டால், அவனுடைய பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு இன்னொருத்தன் பத்லியாகப் போவான். பேர் கூப்பிட்டால் அவன் பேருக்கே 'ஆஜர்' சொல்வான். மேஸ்திரி முகத்தைப் பார்க்கவே மாட்டார். நம்ம ஆள் இதையே பெண் வீட்டிலும் செய்தான். கலீலுல்லா தன் முகத்தைப் பார்த்ததில்லை என்ற தைரியம்! காலேஜில் படிக்கும் தோஸ்து ஹுமாயூனை லியாகத்தாக உட்கார வைத்து, தான் மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பலகையில் எழுதியிருந்த கணக்கு: x⁴ − 13x² + 36 = 0.

ஹுமாயூன் அலட்டிக்கொள்ளவில்லை. "நாலாம் படின்னா பேஜாரு, மாமு. எக்ஸ் ஸ்கொயரை வெளிய அனுப்பிட்டு, அந்த எடத்துல ஒய்யை பத்லி போடுவோம். ஒய் ஸ்கொயர், மைனஸ் பதிமூணு ஒய், பிளஸ் முப்பத்தாறு. ஒய் நாலு, இல்லாங்காட்டி ஒம்போது. முடிஞ்சிச்சி!" என்று சர்பத்தை எடுத்து உறிஞ்சினான்.

கலீலுல்லாவுக்கு ஒரு எழவும் புரியவில்லை. அதனாலேயே பூரித்துப் போனார். "மாஷா அல்லா! இவருதான் என் மாப்ளை" என்று ஹுமாயூனைக் கட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். லியாகத் ஹுமாயூனை விலாவில் இடித்தான். படுபாவி ஹுமாயூன் வேறு, ஜெரினா மறைந்திருந்த திரைப்பக்கம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஜெரினாவின் குரல் வந்தது. "கணக்கு இன்னும் முடியலை வாப்பா. ஒய் வெறும் பத்லி. கேட்டது எக்ஸை. அந்த ஆளு எங்க கீறாரு?"

"இங்கதான் கீறேன்!" லியாகத் துள்ளி எழுந்தான். "நாந்தான் லியாகத் அலி! இவன் பத்லி!"

கலீலுல்லா செருப்பைத் தேடி எடுத்தார்.

"அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன் வாப்பா" என்றாள் ஜெரினா. "எக்ஸ் ஸ்கொயர் நாலுன்னா, எக்ஸ் இன்னா?"

லியாகத் விரல்களை மடக்கினான், கண்ணை மூடினான், தெரிந்த தர்கா அவுலியாக்களையெல்லாம் கூப்பிட்டான். "ரெ... ரெண்டு?"

"பாத்தீங்களா? இந்தக் கணக்குக்கு மொத்தம் நாலு விடை கீது. காலேஜ்காரரு ஒண்ணுகூட சொல்லலை. இவரு ஒண்ணு சொல்லிட்டாரு."

"நாலுல ஒண்ணுதானேம்மா?" கலீலுல்லா செருப்பும் கையுமாக முனகினார்.

"மீதி மூணையும் நிக்காஹ் முடிஞ்சப்புறம் நான் சொல்ல வச்சிக்கறேன் வாப்பா."