உப்புக்கு நாற்பது நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரிப் பாமசியில் மற்றவர்கள் குளிசையை உறையில் போட்டு, "காலைல ஒண்டு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் விளங்கப்படுத்தாமல் விடமாட்டேன். மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் ஆட்கள் ஒழுங்காகப் போடுவார்கள் என்பது என் கட்சி. றிஸ்மின் நானாவிடம் அந்தக் கட்சி தோற்றது.

அவர் கரைத்தீவுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். நாற்பத்திரண்டு வயது. எட்டு மாதமாக நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளோடு கதையில்லை. கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்த பிறகு, மனைவி மபாஸா கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். டொக்டர் மனச்சோர்வு என்று குறித்து, செர்ட்ரலின் முப்பது குளிசை எழுதியிருந்தார்.

நான் தொடங்கினேன். மூளையில் ஒரு நரம்புக் கலம் அடுத்ததைத் தொடுவதில்லை, நடுவில் மிக நுண்ணிய இடைவெளி. ஒரு கலம் செரட்டோனின் என்ற பொருளை அதற்குள் விடும், அது அடுத்த கலத்தில் பட்டுச் செய்தி போகும். மிச்சத்தை, விட்ட கலமே ஒரு புரதத்தின் வழியாகத் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். குளிசையின் மூலக்கூறு அந்தப் புரதத்துக்குள் போய்க் குந்திக்கொண்டு, உறிஞ்சவிடாமல் செய்யும். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

எனக்கு விடவும் மனமில்லை. அவருடைய தொழிலுக்குத் தாவினேன். "களப்புக் கடல்தண்ணிய பாத்திக்குள்ள எடுத்திட்டு மடைய அடைக்கிறீங்கதானே? இல்லாட்டி தண்ணி திரும்பி ஓடிடும். குளிசையும் மடையைத்தான் அடைக்கிது."

முதல்முறையாகத் தலையை உயர்த்தினார். அடைத்தவுடன் உப்பு வராதே என்றார். வராதுதான். மடை சில மணித்தியாலத்தில் அடைபடும். ஆனால் இடைவெளியில் செரட்டோனின் கூடியதைக் கண்டதும், விடுகிற கலம் விடுவதையே குறைத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் உணரிகள் மெல்ல மெல்ல மரத்த பிறகுதான் ஓட்டம் கூடும். அதற்குப் பின்னால் நடப்பதெல்லாம் படித்தவர்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஐந்தாறு கிழமை பொறுக்கவேண்டும் என்றேன். எங்கட உப்புக்கும் நாற்பது நாள்தான் என்றார். ஓம் என்றேன். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. உப்பு அள்ளுகிற காலம், பிந்தி வருவார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொன்பதாம் நாள் காலையில் மபாஸா தனியாக வந்து உறையை மேசையில் வைத்தாள். உள்ளே இருபத்தைந்து குளிசை.

அஞ்சு நாள்தான் போட்டாராம். அதற்கு மேல் போட வேண்டாம் என்று மிஸ்தான் விளங்கப்படுத்தினாவாம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? பிறகுதான் உறைத்தது. மடையை அடைத்து உப்புப் பூக்க விட்ட பாத்தியில் எந்த உப்புக்காரனும் புதுத்தண்ணீர் விடமாட்டான். விட்டால் பூத்ததும் கரைந்துபோகும். அவருக்கு ஒவ்வொரு குளிசையும் புதுத்தண்ணீர். அஞ்சு நாள் நிரப்பினார், அடைத்தார், காத்திருந்தார். நான் சொன்னதை அவரைப் போல யாருமே அவ்வளவு நம்பிக் கேட்டதில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, மபாஸாவோடு த்ரீவீலில் உப்பளத்துக்குப் போனேன். அவர் வரம்பில் குந்தியிருந்தார். வரம்பு நெடுக ஈரச்சேறு பூசிய இடங்கள் தெரிந்தன. அது என்ன என்று கேட்டேன்.

நண்டு துளைக்குமாம். விடிய வந்து சேறு பூசாவிட்டால் தண்ணீரெல்லாம் போய்விடுமாம்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்தான்."

"அப்ப கேளுங்க நானா. குளிசை தண்ணியில்ல, இந்தச் சேறு. ஒரு நாளைக்குள்ள பாதி உடம்ப விட்டுப் போயிடும். பூசாட்டி மடை திறந்துக்கும். இத நான் சொல்லாம விட்டது என்ட பிழை."

அவர் வரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் இவ்வளவு நாளும் அடைபடவே இல்லையா என்று கேட்டார். அஞ்சு நாள் அடைபட்டது, பிறகு திறந்துவிட்டது, மருந்து வேலையைத் தொடங்கவே இல்லை என்றேன்.

மபாஸா த்ரீவீலடியில் நின்றாள். அவளுக்குக் கேட்காத மாதிரி, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லும் குரலில் அவர் சொன்னார்: "நாப்பது நாள் பார்ப்பம், அதுக்குப் பிறகும் இப்படித்தான் எண்டா போதும் எண்டு நினைச்சிருந்தன் மிஸ். நாளைக்கு நாப்பது."

பயந்துவிட்டேன். போதும் என்றால் மௌத்தாகிறதா, உயிரை விடுகிறதா என்று நேராகவே கேட்டேன். ஓம் என்றார். வரம்பில் நின்றபடியே போனில் டொக்டருக்குக் கோல் எடுத்தேன். உடனே கூட்டிவா, தனியே விடாதே என்றார். மபாஸாவிடம் சொன்னோம். அவள் வழி முழுக்க அவர் கையை விடவில்லை.

அன்று பகலே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, மருந்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். குளிசையையும் தண்ணீரையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலக்கூறு பற்றி எதுவும் கதைக்கவில்லை.

"காலைல ஒண்டு," என்றேன். "ஒவ்வொரு நாளும்."

விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விரலில் எதையோ எண்ணினார்.

"அப்ப நாளைக்கு ரெண்டாம் நாள்," என்றார்.