முப்பத்தேழாம் நம்பர் கால்

1.

"என் டிசியைக் குடுங்க சார்."

இந்த வரி நான் எழுதியதல்ல. வேலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி ஆபீசில், என் பட்டச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னது. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அவளோ அதே சன்னலில் நின்று படிப்பு வேண்டாம் என்கிறாள். சுள்ளென்று கோபம் வந்தது. யார்மேல் என்று எழுதிப் பார்த்தால் தெரியும் என நினைத்தேன். இன்னும் தெரியவில்லை.

அன்று காதில் விழுந்த இன்னொரு வாக்கியமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் நான் கட்டியது. அவளுக்குச் சௌமியா என்று பெயர் வைக்கிறேன்.

கிளார்க் பஞ்சாட்சரம் நிமிர்ந்து பார்த்தார். "வேற காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கா?"

"இல்ல சார். பிசினஸ் பண்றேன்."

"இன்னா பிசினஸ்?"

"செருப்பு விக்கிறேன். ஆன்லைன்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அம்மாவ வரச் சொல்லு. கையெழுத்து வேணும்."

அவளுடைய அம்மா பாக்யலட்சுமி எப்போதோ சொல்லி வைத்திருந்தாள்: "துணி கேளு, போன் கேளு, எப்பிடியாவது வாங்கித் தர்றேன். அந்த ஆபீஸ்ல போய் டிசி மட்டும் கேட்டுடாத." கேட்டுவிட்டாள்.

அவள் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் சான்றிதழ் எந்த பீரோவில் என்று பஞ்சாட்சரத்துக்கே தெரியவில்லை.

2.

எங்கே தொடங்குவது?

"ஒடுகத்தூர் மலையடிவாரத்தில், வேர்க்கடலைக் காட்டின் மீது பனி..." வேண்டாம். சௌமியா வேர்க்கடலை விற்கவில்லை.

"கனவுகளைச் சுமந்த ஓர் இளம்பெண்..." சீ.

நேராகவே சொல்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டுக்காரனிடம் காட்ட முதலில் சாம்பிள் செய்வார்கள். இந்தக் கதையின் கம்பெனியில் பெண்கள் செருப்பு சாம்பிள் எல்லாமே முப்பத்தேழாம் நம்பர். அவன் வேண்டாமென்று ஒதுக்கியது மூட்டையாக, ஒதுக்கிய சரக்கை வாங்கும் முனீர் பாய் கிடங்குக்கு வரும். சௌமியா அங்கே பொறுக்கி எடுத்து, இன்ஸ்டாகிராம் லைவில் விற்கிறாள். ஒரு மாடலுக்கு ஒரே ஜோடி, முந்துபவருக்கு. பார்சல் கட்டவே பகல் போய்விடுகிறது. வகுப்புக்குப் போனால் ஆர்டர் போகிறது, ஆர்டரைப் பார்த்தால் அட்டெண்டன்ஸ் போகிறது. படிப்பு ஏறாத பெண் இல்லை அவள். அப்படி நினைத்துப் பாவப்படத் தயாரானவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

செருப்பைக் கையில் பிடித்துக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை. காலில் போட்டு நடக்க வேண்டும். சௌமியாவின் கால் நாற்பது. அம்மாவின் கால் அச்சில் வார்த்த முப்பத்தேழு. அவள் வேலை செய்யும் அந்த ஷூ கம்பெனியிலேயே அந்தக் காலுக்கு மரியாதை உண்டு. புது சாம்பிள் வந்தால் பேக்கிங்கில் இருக்கும் பாக்யலட்சுமியைத்தான் கூப்பிடுவார்கள். போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது என்று சொல்வாள்.*

ஞாயிற்றுக்கிழமை லைவில் அந்தக் கால்தான் நடக்கும். கேமரா கணுக்காலுக்கு மேலே போகாது.

(* செருப்பு கடிப்பதை எழுதினால் உருவகம் என்பார்கள். இல்லை. செருப்பு கடிக்கும்.)

3.

இதை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன்.

ஒரு லைவில் ஒருத்தி கமெண்ட் போட்டாள்: "செருப்பு சூப்பர் சிஸ். கால் யாருது? பித்தவெடிப்பு பயமா இருக்கே." பின்னாலேயே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக.

சௌமியா டைப் செய்தாள்: "எங்க வீட்ல வேலை செய்ற அக்கா சிஸ்."

"அவள் விரல் தானாக..." என்று தொடங்கினேன். விரல் தானாக ஒன்றும் செய்யாது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

லைவில் பேசக்கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால், திரும்பி நடக்கட்டுமா என்று அம்மா கையால் கேட்டாள். சௌமியா தலையாட்டினாள். காது மடல் வரை எரிந்தது. ஆனாலும் அந்த ஜோடி விற்றது. அந்த சந்தோஷமும் கூடவே வந்தது. இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை மறைத்தால் அவளை நல்லவளாக்கிவிடுவேன்.

4.

கம்பெனி வேனில் நடந்ததை சௌமியா பார்க்கவில்லை. நானும்தான். ஆனால் அந்த வேனில் இருக்கும் பெண்களிடமும் போன் இருக்கிறது.

"இன்னா பாக்கியம், உன் பொண்ணு வூட்ல வேலைக்கு சேந்துட்டியாமே?" ஆரோக்கியமேரி பின் சீட்டிலிருந்து கேட்டாள். "எங்களுக்கும் சொல்லு, ஆள் எடுக்கறாளா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. மேரியின் போனை வாங்கி, அந்த கமெண்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள் பாக்யலட்சுமி. அவளும் சிரித்தாள்.

"எடுப்பா எடுப்பா. மொதல்ல உன் கால காட்டு, யான கால் மாதிரி இருக்குது."

ஆம்பூர் வரும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு... (அழுதாள் என்று எழுத மாட்டேன். பாக்யலட்சுமி வேனில் அழுகிறவள் இல்லை.)

5.

அடுத்த ஞாயிறு அம்மா சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோல் நிறத்தில், புதுசு.

"செருப்புக்கு இன்னாத்துக்கும்மா சாக்ஸ்?"

"வெடிப்பு தெரியுதாமே. ஜனங்க பேஜாராவறாங்களாம்."

சௌமியாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் பேனா நின்றது. மன்னிப்பு கேட்க இதைவிட நல்ல இடம் எந்தக் கதையிலும் அமையாது. கேளுடி என்று கத்தினேன்.

அவள் சொன்னது: "சாக்ஸ் போட்டா வார் தெரியாதும்மா. கழட்டு."

அம்மா கழற்றினாள்.

6.

அன்று கல்லூரி ஆபீசுக்கு பாக்யலட்சுமி கம்பெனி யூனிபார்ம் கோட்டோடு வந்தாள், பர்மிஷன் போட்டுவிட்டு.

"நீங்க?" என்றார் பஞ்சாட்சரம்.

"வூட்டு வேல செய்றவங்க சார்" என்று அவளைச் சொல்ல வைத்து ஒரு முடிவு எழுதினேன். அரை நாள் பெருமையாக இருந்தது. பிறகு நானே கிழித்தேன். அது என் வாய், அவள் வாய் அல்ல. அவள் சொன்னது "அம்மா". அவ்வளவுதான்.

"படிக்க வெக்கலாமேம்மா. பாதில விட்டா எப்பிடி?"

"கேட்டுட்டா இல்ல சார். எங்க போடணும்?"

போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் மகளிடம், பஸ் நேரம் சொல்வது போன்ற குரலில் சொன்னாள். இதுதான் அந்த இரண்டாவது வாக்கியம்:

"இனிமே உன் லைவுக்கு வேற கால் பாத்துக்க."

பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள்.

"பிரின்சிபால் மத்தியானம்தான் சைன் பண்ணுவாரு" என்றார் பஞ்சாட்சரம். "அதுக்குள்ள மனசு மாறினா உங்கம்மா கையெழுத்து போட்ட லெட்டர வாங்கிக்க."

வாங்கிக் கிழிக்கிறாள் என்று முடிக்கலாம். உங்களுக்குப் பிடிக்கும். ஓடிப்போய் அம்மா காலைப் பிடிக்கிறாள் என்றும் முடிக்கலாம். அதற்குக் கைதட்டு வரும், அதனாலேயே வேண்டாம். "அம்மா, அன்னிக்கு நான்..." என்று அவளுக்காக ஒரு வாக்கியம் தொடங்கினேன். என்னால் முடிக்க வரவில்லை. உங்களால் முடிந்தால் முடித்துக் கொடுங்கள்.

"மாறாது சார். மத்தியானம் வந்து டிசி வாங்கிக்கிறேன்" என்றாள் சௌமியா. குரல் உடையவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் சன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

பஞ்சாட்சரம் என் பேரைக் கூப்பிட்டார். எழுந்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி வாசலைக் கடந்து வெளியே போனாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை.