அடியில் ஒரு கையெழுத்து

சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிச் சாலையில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தின் மைதானம் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அருவியில் குளிக்க வருகிறவர்களின் வேனும் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். திங்கட்கிழமை பார்த்தால் சேறும் சகதியுமாக, தொழி உழுத வயலாகக் கிடக்கும்.

இந்த வருஷம் அது சுகந்திக்கு ஆகாது. பதினோராம் வகுப்பு, கோ-கோ அணிக்குக் கேப்டன். புதன்கிழமை தென்காசியில் குறுவட்டப் போட்டி. போன வருஷம் ஓடிப் பழக இடமில்லாமல் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிச் செயலாளர் விளையாட்டு வீரர் குழு என்று ஒன்றைப் போட்டார். இனி விளையாட்டை நடத்துவது பிள்ளைகள்தான் என்றார். ஒவ்வோர் அணியின் கேப்டனும் உறுப்பினர், சுகந்தி தலைவி, நெஞ்சில் குத்த நீல பேட்ஜ். கையில் இருப்பதை எவனாவது இப்படிச் சும்மா தூக்கிக் கொடுப்பானா என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் டீயும் பஜ்ஜியும் வந்தன. சுகந்தி எழுந்தாள்.

"சார், கோ-கோ கட்டம் போட்ட பக்கம் மட்டும் வண்டி வேண்டாம். மத்த இடத்துல விட்டுக்கிடுங்க. புதன்கிழமை மேட்ச்."

"ஆமா சார்" என்றான் ஃபுட்பால் கேப்டன் ஹுஸைஃபா.

"நியாயந்தானம்மா. இதுக்குத்தான குழுவே போட்டது" என்று செயலாளர் கிளார்க்கைப் பார்த்தார்.

கிளார்க் தீர்மான நோட்டைச் சுகந்தி பக்கம் திருப்பி வைத்தார். "நான் பொறவு சுத்தமா எழுதிக்கிடுதேன். அடியில கையெழுத்த மட்டும் போட்டுட்டு பஜ்ஜி தின்னுங்க."

பக்கம் வெள்ளையாக இருந்தது. சுகந்தி பெயரை எழுதி, அதற்குக் கீழே 'தலைவி' என்றும் எழுதினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கட்டத்தைச் சுற்றிக் கட்டுவதற்குக் கயிறு எடுத்துக்கொண்டு மஞ்சுவோடு வந்தாள். மஞ்சு அவள் அணிக்காரி. கேட்டில் அந்தப் பக்கத்தின் நகலை ஒட்டியிருந்தார்கள். 'விளையாட்டு வீரர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, சாரல் முடியும்வரை மைதானம் முழுவதையும் வாகனங்கள் நிறுத்த அளிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடியில் சுகந்தியின் கையெழுத்து, அழகாகவே இருந்தது.

"ஏட்டி, நீயா கேட்டே?" என்றாள் மஞ்சு.

கேட்டைத் திறந்துகொண்டிருந்த வாட்ச்மேன் நல்லக்கண்ணு சிரித்தார்.

"எனக்குக் கைநாட்டுதான். அதையே ரெண்டு ஆள வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வைப்பேன். நீ பதினொண்ணு படிக்கே."

பி.டி. வாத்தியார் ஜஸ்டின் குடையோடு வந்தார். முகத்தைப் பார்த்தே என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்தது.

"செயலாளர்ட்ட கேட்டுட்டேம்மா. பிள்ளைகளே எழுதிக் குடுத்திருக்குங்காவ. போன வருஷம் நான் சண்டையாவது போட்டேன். இப்ப அதுக்கும் வழியில்ல."

அழுகை வரும் என்று சுகந்தி காத்திருந்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. அருவிக்கு அடியில் ரொம்ப நேரம் நின்றால் தலை மரத்துப்போகுமே, அப்படி இருந்தது.

செங்கோட்டைப் பக்கமிருந்து முதல் வேன் வந்தது. டிரைவர் மலையாளத்துக்காரர். பேட்ஜைப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"மோளே, வண்டி எங்க இடணும்?"

அவள் கோ-கோ கட்டத்தைப் பார்த்தாள். கட்டத்தின் கோடியில் நட்டிருந்த கம்பம் வண்டிக்கு இடித்தது. அவளும் மஞ்சுவுமாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தார்கள். குழிக்குள் தண்ணீர் ஊறியது.

"வரட்டும்... வரட்டும்... போதும்" என்றாள் சுகந்தி.

"புதன்கிழமை போகணுமாட்டி?" என்று கேட்டாள் மஞ்சு.

"போகணும். பேரு குடுத்தாச்சுல்லா."

கிளார்க் அந்த வழியாக வந்தார். "வார வெள்ளிக்கிழமையும் கூட்டம் இருக்கு. வந்துரும்மா. தலைவி இல்லாம தீர்மானம் செல்லாது."

"எழுதியாச்சா சார்?"

"என்னத்த?"

"வார வெள்ளிக்கிழமைத் தீர்மானத்த."

அவர் குடையை இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வேன் ஹாரன் அடித்தது. சுகந்தி கையைக் காட்டினாள்.