கதவு கேட்ட கடவுச்சொல்

தராசுக்காரர் வீட்டுக் கணினி கடவுச்சொல்லை மறந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை அதே கடவுச்சொல்லை வாசற்கதவு கேட்டது. பால் வாங்கிக்கொண்டு திரும்பிய மூத்த மகன்தான் முதலில் அகப்பட்டான். சாவி சுழன்றது, தாழ் விலகியது, கதவு மட்டும் அசையவில்லை. வங்கியில் வரிசை எண் அழைக்கிற குரலில் மரத்துக்குள்ளிருந்து, "கடவுச்சொல்?" என்று கேள்வி வந்தது. சத்தம் கேட்டுக் கூடத்துக்கு வந்த தராசுக்காரர், "நீ தெருவைப் பாத்துத் திரும்பி நில்லு, காதைப் பொத்திக்கோ" என்று உள்ளேயிருந்தே உத்தரவிட்டுவிட்டு, குனிந்து, சாவித்துளையில் ஏதோ முணுமுணுத்தார். கதவு திறந்தது. பால் அதற்குள் திரிந்திருக்கவில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

மூன்று தலைமுறையாக அந்த வீட்டார் தராசு சோதிப்பவர்கள். சந்தையில் இருக்கிற எந்தத் தராசும் அவர்கள் கைபட்டு முத்திரை வாங்காமல் ஒரு வெங்காயத்தையும் நிறுத்ததில்லை. அந்த முத்திரை இருந்தால் வாங்குபவர் வாய் திறக்க மாட்டார், விற்பவரும் திறக்க மாட்டார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒருத்தி திறந்தாள். தராசுக்காரரின் ஒரே மகள். தொழில் பழகி, அப்பாவோடு சந்தைக்கு வந்துகொண்டிருந்தவள். அவர் முத்திரை வைத்து முடித்த தராசு ஒன்றைக் காட்டி, எடையளவு அதிகாரியும் நாற்பது வியாபாரிகளும் பார்த்திருக்க, "அப்பா, இது பதினைஞ்சு கிராம் பொய் சொல்லுது" என்றாள். அவர் அந்த இடத்தில் குரலை உயர்த்தவில்லை. "என் தராசு பொய் சொல்லுதுன்னா நீ என் பொண்ணு இல்லை" என்று மட்டும் சொன்னார். அவளுக்கும் அவருடைய முதுகெலும்புதான். அன்று மாலையே பெட்டியோடு போய்விட்டாள். அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றார். ஒன்பது வருடம் யாரும் சொல்லவில்லை. அவர் மனைவிகூட, சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்வார். மூச்சிரைப்புக்காரர் என்பதால் வேற்றார் அதை நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் போன மறுமாதம், சான்றிதழ்களையெல்லாம் இனி இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று எடையளவு அலுவலகம் சொல்லிவிட்டது. கணினி வாங்கினார். எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல் ஒன்று வேண்டும் என்று தளம் கேட்டது. அந்த நேரத்தில் அவர் விரலுக்கு என்ன வந்ததோ அதை அடித்தார். அடித்தபின் தமக்கே முகம் சிவந்தது. நல்லவேளையாக, சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது, சேமி என்றார். அதன்பின் பிள்ளைகள் அந்தத் தளத்துக்குள் ஒன்பது வருடம் எட்டுக் கரும்புள்ளிகளைப் பார்த்தபடி போய்வந்தார்கள். புள்ளிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவனும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். உரிமம் புதுப்பிக்க வெள்ளிக்கிழமை மாலை கடைசி. ஏற்ற வேண்டிய சான்றிதழ்கள் இருநூற்றுப் பதினேழு. தளமோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளியது. ஒவ்வொரு தடவையும் தராசுக்காரர் வந்து, விசைப்பலகையைத் துண்டால் மூடிக்கொண்டு, துண்டுக்குள் கைவிட்டு அடித்தார். அடித்ததும், சேமி என்று அழுத்துவார். கணினி சேமித்தேன் என்று சொல்லும். அடுத்த நிமிடம் பெட்டி வெறுமையாக இருக்கும்.

புதன் மதியம் கணினி பழுதுபார்க்கும் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் கறுப்புப் பை, வாய்க்கு வேலி இல்லாதவள். சேமிக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், அணையவில்லை. மூடும்போது எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. தேதி சரி, நேரம் சரி. உலாவியை நீக்கிப் புதிதாகப் போட்டாள், புதிய பயனர் கணக்கு தொடங்கினாள். எதிலும் நிற்கவில்லை. கடைசியாக ஒரு பட்டியலைத் திறந்தவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அந்தக் கணக்கோடு இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் அது. வாசற்கதவு. குளியலறைக் குழாய். மருந்து அலமாரி. கருவிப்பெட்டி. படுக்கையறைக் கதவு.

"மெஷின்ல கோளாறு இல்லைங்க ஐயா. சேமிக்கத்தான் செய்யுது. சேமிச்சதைக் கொண்டுபோய் வீட்டுக்குக் கொடுத்துடுது."

"நிறுத்த முடியுமா?"

"பாஸ்வேர்டை மாத்திட்டாப் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை. பழசைச் சொல்லுங்க, நானே மாத்திடறேன்."

"அதை வெளியாளுக்குச் சொல்றதில்லை."

"வீட்டாளுக்கும் சொல்றதில்லைம்மா" என்றான் இளைய மகன், சுவரைப் பார்த்து.

தராசுக்காரர் அவளை எழுப்பிவிட்டுத் தாமே உட்கார்ந்தார். புதிய கடவுச்சொல்லாகத் தம் தகப்பனார் பெயரை அடித்தார். உறுதிசெய்ய இரண்டாம் முறை அடிக்கச் சொன்னது, அடித்தார், இரண்டும் பொருந்தவில்லை என்றது. நான்கு தடவை முயன்றார். நான்கு தடவையும் இரண்டாவது பெட்டியில் அவர் விரல்கள் பழையதையே அடித்திருந்தன. நாளை வருகிறேன் என்று அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டாள். அன்று மாலைவரை அவர் வீடெங்கும் நடந்து, குழாய்க்கும் அலமாரிக்கும் குனிந்து குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மருமகள் முகம் கழுவ வேண்டுமென்றால் மாமனாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட வெட்கப்பட்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொண்டாள்.

வியாழன் பிற்பகல் அவர் மனைவி படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே இருமல் தொடங்கியது. இன்ஹேலர் கூடத்து மேசைமேல் இருந்தது. பதறிப்போன மூத்தவன் கதவு கேட்டதும் தாத்தா பெயரைச் சொன்னான். தவறு என்றது. இளையவன் கடை தொடங்கிய ஆண்டைச் சொன்னான். தவறு, இன்னும் ஒரு வாய்ப்பு, அதுவும் தவறினால் நாளைக் காலை முயலவும் என்றது. கடப்பாரை எடுக்க ஓடினான் மூத்தவன். அது கருவிப்பெட்டிக்குள் இருந்தது, பெட்டி கடவுச்சொல் கேட்டது. ஜன்னலுக்குக் கம்பி, மரக்கதவும் உள்ளிருந்து தாழிட்டிருந்தது. சொன்னபடி வந்திருந்த கணினிப் பெண், செருப்பைக் கழற்றவும் மறந்து கூடத்தின் நடுவில் நின்றாள்.

தராசுக்காரர் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் கதவில் வாயை வைத்து முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை" என்றது கதவு. "உரக்கச் சொல்லவும்."

உள்ளே இருமல் நின்றுவிட்டது. நின்றது நல்லதற்கா என்று தெரியவில்லை. மூத்தவன் அவர் சட்டைக் கையைப் பிடித்தான். பிறந்ததிலிருந்து அப்பாவைத் தொட்டு அவன் பேசியதில்லை. "அப்பா, அம்மா உள்ள இருக்காங்கப்பா. என்ன எழவு வார்த்தையா இருந்தாலும் சொல்லித் தொலைங்க." நாற்பது வியாபாரிகள் முன் நின்ற அதே நிமிர்வோடு தராசுக்காரர் நின்றார். மூன்று தலைமுறை முத்திரையும் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு, சந்தையில் எடை அறிவிக்கிற குரலில், தெருவரைக்கும் கேட்கும்படி, மகளின் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு அசையவில்லை, மீதிக்காகக் காத்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பதினைந்து" என்றார்.

கதவு திறந்தது. அவர் மனைவி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாரித்து. இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துப் பேச்சு வந்ததும், தண்ணீர் கேட்கவில்லை, அழவில்லை. "பேரு எனக்குப் புதன்கிழமையே புரிஞ்சுடுச்சு. உள்ளேயிருந்து நான் எத்தனையோ வாட்டி சொன்னேன். பேரு சரி, நம்பர் என்னன்னு கேட்டுச்சு" என்றார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். "பதினைஞ்சா?"

"அவ சொன்ன அன்னைக்குச் சாயந்தரமே அந்தத் தராசை நம்ம கடைக்கு எடுத்துட்டு வந்து, கதவைச் சாத்திட்டுத் தனியா நிறுத்துப் பாத்தேன்" என்றார் தராசுக்காரர். "பதினைஞ்சுதான்."

இளையவன் தளத்துக்குள் தானே கடவுச்சொல்லை அடித்துப் போய், மறுநாள் மாலை நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் இருநூற்றுப் பதினேழாவது சான்றிதழை ஏற்றினான். சனிக்கிழமை தராசுக்காரர் சந்தைக்குப் போனார். அந்தப் பழைய தராசு இன்னும் அதே வியாபாரியின் கடையில் இருந்தது. வியாபாரிகள் பார்த்திருக்க, தம் முத்திரையைத் தம் கையாலேயே உளியால் பெயர்த்தார். சில மாதங்களுக்குச் சந்தையில் அதுதான் பேச்சாக இருந்தது. சிலர் தராசுகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள், இரண்டு வருடத்தில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

மகளுக்கு அம்மா தொலைபேசியில் சொன்னது "வா" என்ற ஒரு சொல்தான். அவள் எட்டு மாதம் யோசித்துவிட்டு ஒரு முற்பகலில் பெட்டியோடு வந்து நின்றாள். கதவு அவளிடமும் கடவுச்சொல் கேட்டது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், ஜன்னல் வழியே அவளைப் பார்த்து, எழுந்திருக்காமல், பேர் சொல்லிக் கூப்பிட்டார். "பெயர் சரி" என்றது கதவு. "எண்?" அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். கதவு திறந்தது.

கணினிப் பெண் இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டை இப்படி வைத்திருக்கக்கூடாது, மாற்றுங்கள் ஐயா என்று ஒவ்வொரு முறையும் திட்டுகிறாள். மாற்றுவதற்கில்லை என்கிறார் அவர். தபால்காரர் அதைச் சொல்லித்தான் உள்ளே கடிதம் வைக்கிறார், மருமகள் அதைச் சொல்லித்தான் முகம் கழுவுகிறாள், மகள் குழாயடியில் தன் பெயரைத் தானே சொல்லிச் சலித்துக்கொள்கிறாள். கணினியில் மட்டும் அது இன்றுவரை பதியவில்லை.