மங்கையற்கரசி டீச்சரின் வாய்

மங்கையற்கரசி டீச்சருக்கு ஒரு நல்லது நடந்தால் அன்று பின்னேரத்துக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும். பரிசளிப்பு விழா முடிந்து, கணவர் பத்மநாதன் காரை வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் டீச்சர் ஒன்பது பேருக்காவது சொல்லி முடித்திருப்பார். மிச்சப் பேருக்கு ரெலிபோன் இருக்கிறது. பெருமை பேசுவது பிழை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. செய்தவள் சொல்லாவிட்டால் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்பது அவருடைய நியாயம்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அவருடைய சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. கடைசி ஐந்து வருடமும் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு அவருடைய மாணவி சிவானிக்குத்தான். பேச்சை எழுதுவது டீச்சர். பாடமாக்கி மேடையில் முழங்குவது சிவானி. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. எல்லா டீச்சர்மாரும் எழுதித்தான் கொடுக்கிறார்கள், ஆனால் மங்கையற்கரசி டீச்சரைப்போல எழுத ஆளில்லை. இதையும் டீச்சரே சொல்லுவார்.

மாசி மாதத்தில் வகுப்பு நிர்வாகம் ஒரு பயிற்சி வைத்தது. மனம் உடைந்து போயிருக்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி உதவுவது என்பதுதான் விசயம். நடத்த வந்தவர் அன்ரனெற், ஒரு உயர்பள்ளியில் மாணவர்களின் மனநலம் பார்க்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். டீச்சர் முன்வரிசையில், கொப்பியும் பேனையுமாக.

அன்ரனெற் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார். ஒருவர் ஆசிரியர், ஒருவர் பிள்ளை. பிள்ளை தன் கவலையைச் சொல்லும். ஆசிரியர் மூன்று நிமிடத்துக்குப் புத்தி சொல்லக்கூடாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான். "ஆர் முதலிலை வாறியள்?" என்றதும் டீச்சரின் கைதான் முதலில் எழும்பியது. பிள்ளையாக நடிக்கப் பக்கத்து வகுப்பு கிளிபோட் மாஸ்டர் வந்தார். பேச்சுப்போட்டியில் ஐந்து வருடமாகத் தன் மாணவர்களோடு இரண்டாம் இடத்தில் நின்று வீடு போகிறவர்.

"டீச்சர், எனக்கு ஒண்டிலும் மனம் இல்லை" என்று மாஸ்டர் தொடங்கினார்.

"ஏன் இல்லாமல்? உனக்கு என்ன குறை? அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு உன்னை இஞ்சை கொண்டுவந்தவை தெரியுமோ? நாங்கள் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை இருந்து படிச்சனாங்கள்..."

டீச்சர் நிறுத்தியபோது ஏழு நிமிடம் போயிருந்தது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிளிபோட் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு முந்தி இருந்த கவலையே பரவாயில்லை டீச்சர்" என்றார். டீச்சருக்கு முகம் சுட்டுப்போனது. அன்ரனெற் சிரிக்கவில்லை. "இது எங்கட ஆக்கள் எல்லாருக்கும் வாற பிழைதான், அன்ரி. அன்பிலைதான் வாறது. ஆனால் பிள்ளை அதோடை வாயை மூடியிடும்" என்றார். டீச்சர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார், கோபத்தோடுதான்.

மூன்று சனிக்கிழமை கழித்து, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சிவானி மட்டும் நின்றாள். போன வருடம் அவர்கள் குடும்பம் தூரத்து ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போனது; தாய் யோகராணி காரில் வந்து ஏற்றும்வரை அவள் காத்திருக்க வேண்டும். கையில் ஒரு பெரிய பை. மேசையில் வைத்துத் திறந்தாள். ஐந்து வருடத்துப் பேச்சுப்போட்டிக் கேடயங்களும் உள்ளே இருந்தன.

"இதுகளை நீங்கள் வச்சிருங்கோ டீச்சர். சின்ன ஆக்களுக்குக் குடுங்கோ. ஐ டோன்ட் நீட் தெம் எனிமோர்."

டீச்சருக்குப் பூரிப்பில் நெஞ்சு விம்மியது. என்ன பெருந்தன்மை! யார் வளர்த்த பிள்ளை! முதலில் யாருக்குச் சொல்லுவது என்று மனதுக்குள் ஆளும் பிடித்தாயிற்று. கேடயமொன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் பயிற்சியில் ஆபத்து அறிகுறிகள் என்று கொப்பியில் எழுதியதில் ஒரு வரி நினைவுக்கு வந்தது: ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுதல்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு மாதமாக அந்த முகத்தை வாரந்தோறும் பார்த்திருக்கிறார், இன்றைக்குத்தான் பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கருமை. உடம்பு பாதியாகியிருந்தது. போட்டிப் பேச்சு எவ்வளவு பாடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த தன்மேல் டீச்சருக்கு வெறுப்பு வந்தது.

சுற்றிவளைக்காமல் கேளுங்கள், கேட்பதால் பிள்ளைக்கு அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று அன்ரனெற் சொல்லியிருந்தார். எழுபது மேடைப் பேச்சு எழுதியவருக்கு ஒரு வசனம் வரவில்லை. கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, உயிரோடை இருக்க வேண்டாம் எண்டு யோசிக்கிறியோ?"

சிவானி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஓம்" என்றாள்.

டீச்சரின் வாய்க்குள் ஆயிரம் வார்த்தை வந்து முட்டியது. உனக்கு என்ன குறை, அம்மா அப்பாவை நினைச்சுப் பார், பைத்தியம் மாதிரிக் கதைக்காதை. அத்தனையையும் பல்லைக் கடித்து விழுங்கினார். சிவானி அழுதாள். பிறகு துண்டு துண்டாக வந்தது. நித்திரை இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் கதைக்க ஒருவரும் இல்லை. மேடையில் ஏறினால் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கிறது. "ஐ ஆம் ஸோ டயர்ட், டீச்சர்." டீச்சர் "ம்" என்றார். "பிறகு?" என்றார். இருபது நிமிடத்தில் அவர் சொன்னது அவ்வளவுதான்.

"அம்மாட்டைச் சொல்ல மாட்டன் எண்டு பிராமிஸ் பண்ணுங்கோ."

"அந்தச் சத்தியம் மட்டும் என்னாலை ஏலாது, குஞ்சு. உன்ரை உயிர் எனக்கு வேணும். ஆனால் உன்னைத் தனிய விட மாட்டன். உனக்குப் பக்கத்திலை நிண்டுதான் சொல்லுவன்."

அன்ரனெற்றுக்கு ரெலிபோன் எடுத்தார். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார் அவர். யோகராணி வந்ததும், சிவானிக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் சொன்னார். யோகராணி மகளின் கையைப் பிடித்து இழுத்தார். "வீட்டை வா. வீட்டிலை கதைப்பம்."

"யோகராணி, இது வீட்டிலை கதைச்சு முடியிற விசயம் இல்லை."

"டீச்சர், குறை நினையாதேங்கோ. உங்கடை வாயைப் பற்றி எனக்குத் தெரியும். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முதல் ஊருக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு என்ரை பிள்ளை ஆற்றை முகத்திலை முழிக்கிறது?"

அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. யோகராணி சொன்னது உண்மை. இவ்வளவு கால வாய், இந்தப் பிள்ளைக்குக் குறுக்கே வந்து நின்றது.

"என்ரை பிள்ளையள் மேலை ஆணை" என்றார் டீச்சர். "என்ரை மனுசனுக்குக்கூடச் சொல்ல மாட்டன். என்னை நம்ப வேண்டாம். பிள்ளையை ஒருக்கால் பார்."

யோகராணி பார்த்தார். கைப்பிடி தளர்ந்தது. மூவருமாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சித்திரையில் பேச்சுப்போட்டி வந்தது. போட்டிப் பட்டியலில் சிவானியின் பெயரை டீச்சரே வெட்டினார். கிளிபோட் மாஸ்டரின் மாணவன் மிதுனன் முதலிடம் பெற்றான். டீச்சரின் ஏச்சுத் தாங்காமல்தான் சிவானி விலகினாள் என்று ஒரு கதை கிளம்பியது. அது விட்பியில் இருக்கிற டீச்சரின் தங்கைவரை போய், தங்கையே கேட்டாள். "இருக்கும்" என்றார் டீச்சர். பத்மநாதனும் கேட்டுப் பார்த்தார். "ஏனப்பா, உமக்கு என்ன நடந்தது? ஒரு புழுகையும் காணேல்லை." "களைப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். கதையைக் கேட்டு அவருக்கு அழுகை வந்தது, பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் சிவானி வைத்தியரிடம் போய் வருகிறாள் என்பதும், நித்திரை வரத் தொடங்கிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். போன சனிக்கிழமை வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பக்கத்துப் பிள்ளையோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள். வகுப்பில் சிரித்ததற்கு டீச்சர் ஏசவில்லை.

வைகாசியில் பயிற்சியின் இரண்டாம் பகுதி நடந்தது. அதே மண்டபம், அதே நாற்பது பேர்.

"போன முறை படிச்சதை ஆராவது உண்மையிலை செய்து பாத்தனீங்களோ?" என்று அன்ரனெற் பொதுவாகக் கேட்டார். டீச்சர் இருந்த முன்வரிசைப் பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஒரு கையும் எழும்பவில்லை. கிளிபோட் மாஸ்டர் திரும்பி, "என்ன டீச்சர், நீங்கள் கையைத் தூக்காமல் இருக்கிறது இதுதான் முதல் தரம். சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்டும் இல்லை மாஸ்டர்" என்றார் டீச்சர்.

அந்த மண்டபத்தில் தன்னைவிடப் பெருமைக்காரி ஒருத்தி இல்லை என்று அவருக்குத் தெரியும். கேடயம் வாங்கிய எந்த வருடமும் நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை. வலக்கை தானாக மேலே எழும்பப் பார்த்தது. இடக்கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.