கதவில் ஒட்டிய முகம்

எங்கள் பியூட்டி பார்லரின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய விளம்பரப் படத்தில் பளபளவென்று சிரிக்கும் முகம் என்னுடையதுதான். கடை என் நாத்தனாருடையது. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரே படிக்கட்டு. கோபித்துக்கொண்டு வேலையை உதறினால் மேலேதான் போக வேண்டும். அங்கேயும் அவள் ராஜ்ஜியம்தான். என் வீட்டுக்காரரோ அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். போக்கிடம் இல்லாதவளுக்குக் கோபம் ஒரு கேடா என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

அன்று ஒரு கல்யாணப் பெண் வந்தாள். மறுநாள் கல்யாணம். முகம் மினுமினுத்தது. நாத்தனார் தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எண்ணெய்ச் சருமம். நம்ம பீலிங் க்ரீமைப் போட்டு மேல்தோலை உரிச்சு விடு, பளிச்சுனு ஆயிடும்."

அவளுக்கு மினுங்கினால் எண்ணெய், மினுங்காவிட்டால் அழுக்கு. இரண்டுக்கும் அந்த ஒரே டப்பா. நான் பெண்ணின் முகத்தைக் கழுவித் துடைத்து, எதுவும் தடவாமல் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கோரம் தோல் செதில் செதிலாக எழும்பியது.

"முகம் இழுக்குதாம்மா?"

"ஆமாக்கா. அதான் காலைல எண்ணெய் தடவிட்டு வந்தேன்."

போச்சுடா! சுத்த வறண்ட சருமம். அந்த க்ரீமில் துளி எடுத்து அவள் முழங்கையின் உட்பக்கம் வைத்துப் பார்த்தேன். சிவந்து தடித்துவிட்டது.

"அண்ணி, இது இவங்களுக்கு ஒத்துக்காது."

நாத்தனார் சிரித்தாள். வாடிக்கையாளர் எதிரில் மட்டும் வரும் சிரிப்பு.

"இவ எப்பவுமே இப்படித்தாம்மா, நல்ல காரியத்துல தும்முவா. இவ மூஞ்சியைப் பாரு, தினம் இதைத்தான் போடுறா. ஏதாச்சும் ஆச்சா?"

பெண் என் முகத்தைப் பார்த்தாள். காலையில் நாத்தனாரே உட்காரவைத்துப் போட்டுவிட்ட மேக்கப். அடியில் எரிகிறது, அரிக்கிறது. சொறியக் கூடாது, கலைந்துவிடும். விற்கிற பொருளை விற்கிறவள் முகத்திலேயே காட்ட வேண்டும் என்பது கடையின் சட்டம்.

"சரிக்கா, போடுங்க," என்றாள் பெண்.

என்னை நம்பிச் சொல்கிறாள், பாவி! நாளைக்கு இவள் வெந்த முகத்தோடு மேடையில் நிற்பாள்.

பஞ்சை நனைத்தேன். தனக்குத்தான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொறம்மா," என்றேன்.

என் நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தித் துடைத்தேன். மேக்கப் பஞ்சோடு வந்தது. அடியில் தோலுரிந்து, செக்கச்செவேலென்று என் சொந்த முகம்.

"ஐயோ!" பெண் துள்ளி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"முகம் கழுவினா ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவு. வேற எந்தக் கண்றாவியும் வேண்டாம்," என்றேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"தெரிஞ்சுமா அக்கா நீங்க இதைப் போட்டுக்கறீங்க?"

படிக்கட்டைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மேக்கப் பெட்டியைத் திறந்து வைத்து, நாற்காலியைத் தட்டினாள்.

"உக்காரு. அடுத்த ஆள் வர்ற நேரம்."

உட்கார்ந்தேன். ஈர முகத்தில் மேக்கப் நிற்காது என்பதால் அழுகையையும் அடக்கிக்கொண்டேன்.